பாக்கையும் இளையராஜாவையும் எங்கே வைத்து ஒப்பிடுவது?

18-ம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ஜொஹான் செபாஸ்டியன் பாக்கையும் இளையராஜாவையும் ஒப்பிடுவது பொருந்துமா, பொருந்தும் என்றால் எதை எதோடு வைத்துக் கேட்க வேண்டும் என்பது கேள்வி. பொருந்தும். இது ரசிகர்கள் அன்பில் கட்டிவிட்ட தொடர்பு இல்லை. 1986-ல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பை இளையராஜாவே தியாகராஜருக்கும் பாக்குக்கும்தான் காணிக்கையாக்கினார். ஆனால் வழக்கமாக ஒப்பிடுகிற இடங்கள் பெரும்பாலும் தவறானவை. வயலின் கூட்டம் எழும்பினால் பாக், சிம்ஃபனி எழுதினார் அதனால் பாக், இவருக்கு ஆயிரம் படம் அவருக்கு ஆயிரம் படைப்பு என்று பேச்சு போகிறது. என் பதில் இது: பேஸை, அதாவது பாட்டின் அடியில் ஓடும் கீழ்வரியை, கேளுங்கள், இருவரும் சேருமிடம் அங்கே இருக்கிறது. பிரியுமிடம் ஸட்ஜம், அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஸ.

தவறான இடங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். திரைப்பாட்டின் இடையிசையில் அலையாக எழும்பும் கனத்த ஸ்ட்ரிங்ஸ் ஒலி 19-ம் நூற்றாண்டு ஆர்கெஸ்ட்ராவின் ஒலி. பாக்குக்கு அந்த வசதியே இருந்ததில்லை. 1730 ஆகஸ்டில் லைப்சிக் நகர மன்றத்துக்கு எழுதிய மனுவில், தேவாலய இசைக்கு என்னென்ன ஆட்கள் வேண்டும் என்று அவரே கணக்குக் கொடுத்திருக்கிறார்: முதல் வயலின் இரண்டு அல்லது மூன்று பேர், இரண்டாம் வயலினும் அப்படியே, வயோலா இரண்டு பிரிவுக்கும் இரண்டிரண்டு பேர், செல்லோ இரண்டு, பெரிய பேஸ் ஒன்று. அவர் ஆசைப்பட்டுக் கேட்ட கணக்கே இவ்வளவுதான். கையில் இருந்தது இதைவிடக் குறைவு. ஆகவே பாக்கின் பின்னல் துலக்கமாகக் கேட்பதற்கு ஆள் குறைவு என்பதும் ஒரு காரணம். சிம்ஃபனி விஷயமும் அப்படித்தான். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசித்த 'வேலியன்ட்' சிம்ஃபனியை யாரோடாவது ஒப்பிட வேண்டுமென்றால் ஹைடன், பேத்தோவன் வழியில் வந்தவர்களோடு ஒப்பிடுவதே முறை. இன்று நாம் சிம்ஃபனி என்று சொல்லும் வடிவத்தில் பாக் ஒன்றுகூட எழுதவில்லை.

இனி பேஸ். பாக் காலத்து இசை முழுவதும் அடிவரியின் மேல் நிற்கிறது. ஆர்கன் அல்லது ஹார்ப்சிகார்டின் இடது கை, கூடவே செல்லோ, பெரிய பேஸ் எல்லாம் சேர்ந்து அந்த வரியை வாசிக்கும். வரியின் மேலோ கீழோ சிறு எண்கள் எழுதியிருக்கும். 6 என்றால் பேஸ் ஸ்வரத்திலிருந்து ஆறாவது ஸ்வரத்தைச் சேர், 7 என்றால் ஏழாவதைச் சேர் என்று பொருள். வாசிப்பவர் அந்த எண்ணைப் பார்த்து கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்தை) அங்கேயே நிரப்பிக்கொள்வார். அதாவது கார்டு பிறகு வருகிறது, முதலில் எழுதப்படுவது மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு மெட்டு. இந்த வரிசை முக்கியம். நம்மூரில் பலர் கீபோர்டில் கார்டைப் பிடித்துவிட்டு, அதன் முதல் ஸ்வரத்தையே பேஸுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது பேஸ் தூண் போல நின்றுவிடும், நடக்காது.

கையோடு பார்க்க வசதியான உதாரணம் 1722-ல் கீபோர்டு வாத்தியத்துக்காக பாக் தொகுத்த 'வெல் டெம்பர்ட் கிளாவியர்' முதல் பாகத்தின் முதல் பிரெலூட், அதாவது முன்னிசைத் துண்டு. ஸி மேஜர், 35 பார், அதாவது 35 தாளச் சுற்று. (சில பழைய பதிப்புகளில் ஒரு பார் இடைச்செருகலாக வந்து 36 ஆகியிருக்கும், உங்கள் பிரதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) கடைசி மூன்று பார் தவிர வலது கை ஒரே மாதிரியான உடைத்த கார்டுதான் வாசிக்கிறது, மெட்டு என்று தனியாக எதுவும் இல்லை. ஒவ்வொரு பாரிலும் கீழே விழும் முதல் ஸ்வரத்தை மட்டும் பாடிப் பாருங்கள். ஸி-யை ஸட்ஜமாக வைத்தால் முதல் 11 பார்களின் பேஸ் இப்படிப் போகும்: ஸ, ஸ, நி, ஸ, ஸ, ஸ, நி, நி, த, ரி, ப. நான்காவது பாரில் வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஆறாவது பாரில் பேஸ் அதே ஸட்ஜத்தில் நிற்க, மேலே சுத்த மத்யமம் இருக்க வேண்டிய இடத்தில் பிரதி மத்யமம் வருகிறது. நம் காதுக்குச் சங்கராபரணம் சட்டென்று கல்யாணியாக மாறியது போல இருக்கும். ஆனால் பாக்கின் நோக்கம் கல்யாணி இல்லை. கல்யாணியின் பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணம் கிடைக்கும் என்ற கிரக பேதக் கணக்கு நமக்குத் தெரியும் அல்லவா, அந்தக் கணக்கின்படி 11-வது பாரில் பஞ்சமமே புது வீடாகிவிடுகிறது. அந்த ஒரு பிரதி மத்யமம் கதவைத் திறந்துவிடும் சாவி.

இதே பிரெலூட்டின் கடைசிப் பகுதியும் நமக்குச் சுவையானது. 24-வது பார் முதல் 31 வரை எட்டு பார்களுக்கு பேஸ் பஞ்சமத்திலேயே நிற்கிறது. 32 முதல் 35 வரை ஸட்ஜத்தில் நிற்கிறது. மேலே என்ன உரசல் வந்தாலும் அடி அசைவதில்லை. தம்புராவோடு வளர்ந்த காது இந்த 12 பார்களில் தானாக இளகும். பாக்குக்கு இது ஊர் சுற்றி வந்து சேர்ந்ததன் அடையாளம். நமக்கோ இதுதான் ஆரம்ப நிலை.

இளையராஜாவின் பேஸ் கிட்டாருக்கு வருவோம். 'பூவே செம்பூவே', 'மடை திறந்து', 'என் இனிய பொன் நிலாவே' போன்ற பாடல்களில் பேஸை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்தால், அது தாளம் தட்டுவதோடு நிற்காது என்பது தெரியும். பாடகர் கார்வை பிடித்து நிற்கும் இடத்தில் பேஸ் நகரும், பாடகர் ஓடும் இடத்தில் பேஸ் நிதானிக்கும். குரல் மேலே ஏறினால் பேஸ் பல இடங்களில் இறங்கும். ஒருவர் மூச்சு விடும் இடத்தை இன்னொருவர் நிரப்பும் இந்தப் பண்பைத்தான் பாக்கிடமிருந்து வந்தது என்று நான் தைரியமாகச் சொல்வேன். இதற்கு ஒரு வழித்தடமும் உண்டு. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறியவர். கிளாசிக்கல் கிட்டார் பயில்பவர்கள் பாக்கின் லூட் (பழைய தந்தி வாத்தியம்) இசையைத் தொடாமல் போவது அரிது. ஈ மைனர் லூட் தொகுப்பில் வரும் பூரே என்ற நடனம் எல்லா மாணவர்களுக்கும் பாடம். அதில் கட்டைவிரல் ஒரு மெட்டு, மற்ற விரல்கள் ஒரு மெட்டு, கார்டு என்று தனியாக ஏதும் இல்லை. இரண்டு வரியாக யோசிக்கும் பழக்கம் கைவழியே உடம்பில் ஏறும் இடம் அது.

அடுத்தது கவுண்ட்டர்பாயிண்ட், அதாவது தனித்தனியே பாடினாலும் நிற்கக்கூடிய இரண்டு மெட்டுகளைச் சேர்த்து ஓடவிடுவது. இளையராஜாவிடம் இதற்கு எல்லோரும் காட்டும் பாட்டு 'சிட்டுக்குருவி' (1978) படத்தின் 'என் கண்மணி'. எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பி. சுசீலாவும் பாடியது. ஒரு குரல் விடும் இடைவெளியில் இன்னொரு குரல் புகுந்து, இரண்டும் தனித்தனியாகவும் பொருள் தரும், சேர்த்தும் பொருள் தரும். 'பகல் நிலவு' (1985) படத்தின் 'பூமாலையே தோள் சேரவா' இன்னும் துணிச்சலானது. அங்கே இளையராஜாவின் குரலும் எஸ். ஜானகியின் குரலும் வேறு வேறு மெட்டில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

இவற்றைக் கேட்டதும் "இது ஃபியூக்" என்று எழுதுபவர்கள் உண்டு. இல்லை. ஃபியூக்கில் ஒரே சிறு மெட்டு முதலில் ஒரு குரலில் வரும், அதே மெட்டு அடுத்த குரலில் பஞ்சமத்துக்கு இடம் மாறி வரும், பிறகு மூன்றாவது, நான்காவது. எல்லாக் குரலுக்கும் சம உரிமை, யாரும் பாடகர் இல்லை, யாரும் பக்கவாத்தியம் இல்லை. திரைப்பாட்டில் அது நடக்காது, நடக்கவும் கூடாது. அங்கே பாடகரே தலைவர். ஆகவே பாக்கின் ஃபியூக்குகளை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய கான்டாட்டாக்களையும் (ஆலய வழிபாட்டுக்கான, குரலும் வாத்தியமும் சேர்ந்த படைப்புகள்) பாஷன்களில் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பெரிய படைப்புகள்) வரும் தனிப்பாடல்களையும் எடுங்கள். உண்மையான உறவு அங்கேதான் தெரியும்.

1731 நவம்பர் 25 அன்று முதலில் பாடப்பட்ட 140-ம் எண் கான்டாட்டாவின் நான்காவது பகுதியை எடுத்துக்கொள்வோம். முதலில் வயலின்களும் வயோலாக்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மெட்டு வாசிக்கும், கீழே பேஸ். கேட்கிறவர் இதுதான் பாட்டு என்று முடிவு கட்டிவிடுவார், அவ்வளவு முழுமையாக இருக்கும். சற்று நேரம் கழித்து டெனர் (உயர்ந்த ஆண் குரல்) நுழையும், ஆனால் அந்த மெட்டைப் பாடாது. பிலிப் நிகோலாய் என்ற போதகர் 1599-ல் வெளியிட்ட பழைய ஆலயப் பாட்டை அதன் மேல் வைத்துப் பாடும். அதன் முதல் வரி ஸ க ப ப ப ப த ப. நிதானமாக, அலங்காரம் இல்லாமல், ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி. வாத்தியங்கள் அதற்காக நிற்பதில்லை. குரல் வரி முடிக்கும் இடத்தில் வயலின் தன் வாக்கியத்தின் நடுவில் இருக்கும். மூன்றே வரிதான்: மேலே ஒரு மெட்டு, இடையே ஒரு மெட்டு, அடியில் பேஸ். இதைக் கேட்டுவிட்டு உடனே 'பூமாலையே'வைக் கேளுங்கள். யார் யாருக்குத் துணை என்ற கேள்வியே எழாமல் இரண்டு மெட்டு ஒன்றையொன்று தாங்கும் முறை இரண்டிலும் ஒன்றே.

இன்னொரு இணை, 1727-ன் மத்தேயு பாஷனில் ஆல்ட்டோ (டெனருக்கு அடுத்து மேலே உள்ள குரல்) பாடும் 'எர்பார்மெ டிஷ்'. பி மைனர், 12/8 நடை. தனி வயலின் முதலில் வந்து பாட்டின் உணர்ச்சி முழுவதையும் சொல்லிவிடும். பிறகு குரல் வந்து அந்த மெட்டையே அலங்காரம் குறைத்துப் பாடும். குரல் நிற்கும்போதெல்லாம் வயலின் பதில் சொல்லும், நடுவில் வயலினுக்குத் தனி இடம், அடியில் பேஸ் சீராகத் துடிக்கும். முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி என்ற அமைப்பை அறிந்த தமிழ்க் காதுக்கு இந்த வடிவத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் சொல்ல வேண்டும். பாக்கின் முன்னிசை பெரும்பாலும் பாட்டின் சரக்கிலிருந்தே பிறந்து, நடுவிலும் முடிவிலும் திரும்ப வரும். இளையராஜா முதல் இடையிசைக்கும் இரண்டாவதுக்கும் வேறு வேறு மெட்டு எழுதுவார்; ஒரே பாட்டில் மூன்று நான்கு புதுக் கருத்துகள் வந்து போகும். சிக்கனத்தில் பாக் பெரியவர், தாராளத்தில் இவர் பெரியவர்.

இருவரும் பிரியும் இடம் ஸட்ஜம் என்றேன். பாக்குக்கு ஸட்ஜம் நகரும் பொருள். கிளம்புவது, பஞ்சமத்தில் தங்குவது, மைனர் பக்கம் போய்வருவது, திரும்புவது என்ற பயணமே கட்டுமானம். ராகத்தில் ஸட்ஜம் அசையாது, அசைந்தால் ராகம் போய்விடும். ராக அடிப்படையில் ஃபியூக் எழுதப் போகிறவர் முதலில் மோதும் சுவர் இதுதான். பஞ்சமத்துக்கு இடம் மாற்றிப் பதில் சொல்ல வேண்டும், ஆனால் ராக ஸ்வரங்களை விடக்கூடாது. எந்த ராகங்களில் இது முடியும்? பூர்வாங்கமும் உத்தராங்கமும் ஒரே அளவில் இருக்கும் ராகங்களில். சங்கராபரணத்தில் ஸ ரி க ம என்ற அடுக்கும் ப த நி ஸ என்ற அடுக்கும் இடைவெளியில் ஒன்று. கரகரப்ரியா, தோடி, மாயாமாளவகௌளை மூன்றும் அப்படியே. இந்த நான்கிலும் முதல் நான்கு ஸ்வரங்களுக்குள் கட்டிய மெட்டைப் பஞ்சமத்துக்குத் தூக்கி வைத்தால் ராகம் குலையாது. கல்யாணியில் பிரதி மத்யமத்தைத் தொடும் மெட்டைத் தூக்கினால் மேல் ஸட்ஜம் இருக்க வேண்டிய இடத்தில் அரை ஸ்வரம் கூடிவிடும். ஒன்று மெட்டு மத்யமத்தைத் தவிர்க்க வேண்டும், இல்லை பதிலைத் திருத்த வேண்டும்.

பதிலைத் திருத்துவது பாக்கிடமே உள்ள வழிதான். ஸி மைனர் ஃபியூக்கின் (அதே 1722 தொகுப்பில் இரண்டாவது) மெட்டு ஸ நி ஸ ப த என்று தொடங்கும், ப-வும் த-வும் மந்த்ரத்தில். அப்படியே பஞ்சமத்துக்குத் தூக்கினால் ப ம ப ரி க என்று வர வேண்டும். பாக் ப ம ப ஸ க என்று எழுதுகிறார். ஸ-வுக்கு ப பதில் என்றால் ப-வுக்கு ஸ பதில் என்ற நியாயம். ஒரே ஒரு ஸ்வரத்தை மாற்றி வீட்டின் நினைவை விடாமல் வைத்துக்கொள்கிறார். ஆனால் அந்த ம பிரதி மத்யமம் என்பதைக் கவனியுங்கள். அவரால் அதை அங்கே வைக்க முடிகிறது, ராகத்துக்குள் நிற்பவரால் முடியாது.

கார்டு விஷயத்திலும் ராகம் கையைக் கட்டும், எவ்வளவு கட்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களில் முழு மூன்று ஸ்வர கார்டு இரண்டே இரண்டு கிடைக்கும்: ஸ க ப, த ஸ க. கீபோர்டுக்காரர் பழக்க தோஷத்தில் மத்யமத்திலும் பஞ்சமத்திலும் கார்டு பிடித்தால் ம-வும் நி-யும் உள்ளே வந்து கேட்பவருக்குச் சங்கராபரணம் கேட்கும். ஹிந்தோளம் இன்னும் கடினம். அங்கே பஞ்சமமே இல்லை, ஆகவே ஸட்ஜத்தின் மேல் கார்டே கிடையாது. இருப்பது ம த ஸ, த ஸ க இரண்டும்தான். ஸட்ஜத்தில் மைனர் கார்டு பிடித்த கணமே ராகம் செத்துவிடும். பேஸை ஸட்ஜத்தில் வைத்து மேலே ம த ஸ பிடிப்பது ஒரு வழி, கார்டையே விட்டுவிட்டு இரண்டு வரி மெட்டாக எழுதுவது சிறந்த வழி. சிம்மேந்திரமத்யமத்தில் நிலைமை கொஞ்சம் தாராளம்: ஸ-வில் மைனர், ப-வில் மேஜர், த-வில் மேஜர், நி-யில் மைனர் எல்லாம் ராகத்துக்குள்ளேயே கிடைக்கின்றன. ரி, க, ம மூன்றில் மட்டும் வழக்கமான மேஜர், மைனர் கார்டு நிற்காது. 'பன்னீர் புஷ்பங்கள்' (1981) படத்தின் 'ஆனந்த ராகம்' பாட்டில் அந்த ஸ்ட்ரிங்ஸ் அவ்வளவு மேற்கத்தியமாக ஒலித்தும் ராகம் குலையாமல் இருப்பதற்கு இந்த அமைப்பு பெரிய உதவி. கார்டு குறைவான ராகங்களில் பேஸும் எதிர்மெட்டும்தான் பாரத்தைச் சுமக்க வேண்டும். பாக்கின் முறை இளையராஜாவுக்கு ஏன் இத்தனை பயன்பட்டது என்பதற்கு என் விளக்கம் இதுவே. பாக்கின் முறை மெட்டுகளைச் சேர்ப்பதில் தொடங்குகிறது, கார்டு அதன் விளைவு. ராகத்தோடு ஒத்துப்போகக்கூடிய மேற்கத்திய வழி அது ஒன்றுதான்.

நீங்களே எழுதிப் பார்க்க நினைத்தால் இரண்டு இடங்களில் பெரும்பாலும் தவறும். முதலாவது, இரண்டு வரியும் ஒரே இடைவெளியில் ஒரே திசையில் நகர்வது. சங்கராபரணத்தில் மேல்வரி ஸ நி த ப என்று இறங்குகிறது. கீழே ம க ரி ஸ என்று எழுதினால் தாளில் பார்க்க அழகு. ஆனால் நான்கு இடத்திலும் இடைவெளி சுத்தப் பஞ்சமம். பஞ்சமம் அவ்வளவு நெருக்கமாக ஒட்டும் என்பதால் காது இதை ஒரே மெட்டின் நிழலாகக் கேட்கும், இரண்டாவது மெட்டு காணாமல் போகும். பாக் இதைத் தவிர்த்தது இந்தக் காரணத்துக்காகத்தான், புத்தக விதிக்காக இல்லை. அதே மேல்வரிக்கு ஸ ரி ம க என்று கீழே எழுதிப் பாருங்கள். எட்டு, ஆறு, மூன்று, மூன்று என்று இடைவெளிகள் மாறும், முதல் மூன்று ஸ்வரங்களில் இரண்டும் எதிரெதிர் திசையில் போகும், இப்போது இரண்டு பேர் பாடுவது கேட்கும்.

இரண்டாவது தவறு கமகம். தோடியின் காந்தாரம் ஒரு ஸ்வரத்தில் நிற்பதில்லை, ரிக்கும் மவுக்கும் இடையே ஊசலாடும். அதன் அடியில் நிலையான காந்தாரத்தோடு கார்டு பிடித்தால் குரல் சுருதி விட்டது போலக் கேட்கும், பாடகரைக் குறை சொல்வார்கள். அசைவுள்ள ஸ்வரத்தின் அடியில் அதே ஸ்வரத்தை வைக்காதீர்கள். ஸ அல்லது ப போன்ற அசையாத ஸ்வரத்தை வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். அசைவே இல்லாத ஸ்வரங்களிலும் சின்னச் சிக்கல் உண்டு. தம்புராவோடு சேரும் அந்தர காந்தாரம் ஸ-விலிருந்து 386 சென்ட் (அரை ஸ்வரம் 100 சென்ட்), கிட்டாரும் கீபோர்டும் கொடுப்பது 400. அந்த 14 சென்ட் வேறுபாடு நீண்ட கார்வையில் உறுத்தும். கிட்டார் கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு அதைக் குரலுக்கே விட்டுவிடுவது எளிய தீர்வு.

இப்போது 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பைப் பற்றி. அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற பகுதியின் அடித்தளம் பாக்கின் மூன்றாவது தனி வயலின் பார்டிட்டாவின் (பல துண்டுகள் கொண்ட தொகுப்பு) பிரெலூட். ஈ மேஜர், 138 பார். ஈ-யை ஸட்ஜமாக வைத்தால் தொடக்கம் ஸ நி ஸ ப க ப ஸ. வயலினின் மேல் தந்தி ஈ என்பதால், பல இடங்களில் திறந்த தந்தியின் ஸட்ஜம் விடாமல் ஒலிக்க, பக்கத்துத் தந்திகளில் மெட்டு நகரும். பாக்கின் படைப்புகளில் தம்புராவுக்கு இவ்வளவு பக்கத்தில் வருவது வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஓட்டம் அப்படியே ஓட, அதோடு இளையராஜா தன் வரிகளைச் சேர்க்கிறார். வயலின் வி.எஸ். நரசிம்மன். இது பாக்கைச் சிதைப்பது என்று கோபப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்பு சொன்ன ஸி மேஜர் பிரெலூட்டின் மேல் கூனோ 1853-ல் ஒரு மெட்டு வைத்தார், தனி வயலின் படைப்புகளுக்கு ஷூமன் பியானோ துணை எழுதினார். ஏன், பாக்கே இந்த ஈ மேஜர் பிரெலூட்டை 1731-ல் 29-ம் எண் கான்டாட்டாவுக்கு டி மேஜரில் மாற்றி, ஓட்டத்தை ஆர்கனுக்குக் கொடுத்து, மேலே ஸ்ட்ரிங்ஸும் டிரம்பெட்டும் சேர்த்தார். தன் மெட்டைத் தானே மறுபடி உடுத்துவதில் இருவரும் ஒரே ஜாதி. 1982-ல் மலையாள 'ஓளங்கள்' படத்தின் 'தும்பி வா'வும் தமிழ் 'ஆட்டோ ராஜா'வின் 'சங்கத்தில் பாடாத கவிதை'யும் ஒரே மெட்டு, 2009-ல் இந்தி 'பா' படத்திலும் அதே மெட்டு வந்தது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் மெட்டைத் தொடாமல் அடியில் என்னென்ன மாற்றலாம் என்பதற்கு நல்ல பாடம்.

வேலை முறையிலும் ஒற்றுமை உண்டு, இது இசையைப் பாதித்த ஒற்றுமை. பாக் 1723-ல் லைப்சிக் வந்ததும் தவக்காலம் போன்ற நாட்கள் நீங்கலாக வாரம் ஒரு கான்டாட்டா நடத்த வேண்டியிருந்தது. எழுதி, மாணவர்களும் குடும்பத்தாரும் பிரதி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வாசித்தாக வேண்டும். இளையராஜா உச்சத்தில் வருடத்துக்கு நாற்பது படங்களுக்கு மேல் இசையமைத்தவர். காலையில் ஸ்கோர் எழுதி, வாத்தியக்காரர்கள் தத்தம் பகுதியைப் பிரதி எடுத்து, அன்றே பதிவு. இந்த வேகத்தில் பரிசோதித்துப் பார்த்துத் திருத்த நேரம் கிடையாது; தலைக்குள் எல்லா வரியும் ஒன்றாகக் கேட்டாக வேண்டும். ஒரு முக்கிய வேறுபாடு வரிகளில் இருக்கிறது. பாக்குக்கு வார்த்தை முதலில் வரும், பல நேரம் ஆலயப் பாட்டின் மெட்டும் முன்பே இருக்கும். இளையராஜாவிடம் பெரும்பாலும் மெட்டு முதலில், கவிஞர் அதற்குள் வார்த்தையை உட்கார வைப்பார். அதனால் பாக்கில் ஒரு சொல்லுக்காக மெட்டு வளையும் இடங்களைத் தேடலாம், இவரிடம் அப்படித் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சூழ்நிலைக்காக வளையும் இடங்களைத் தேட வேண்டும்.

கேட்கத் தொடங்குபவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. ஹெட்ஃபோன் போட்டு, ஈக்வலைசரில் 250 ஹெர்ட்ஸுக்கு மேலே குறைத்துவிட்டால் பேஸ் தனியாக எழும். ஒவ்வொரு தாளத் தட்டின் முதல் பேஸ் ஸ்வரத்தை மட்டும் எழுதுங்கள், அலங்காரங்களைப் பிறகு சேர்க்கலாம். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பல பழைய கேசட்டிலிருந்து ஏற்றியவை, வேகம் பிசகி அரை ஸ்வரம்வரை சுருதி மாறியிருக்கும். எழுதும் முன் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுவிடுங்கள். பாக்குக்கு அச்சிட்ட ஸ்கோர் இலவசமாகவே கிடைக்கிறது. இளையராஜாவின் பெரும்பாலான பாடல்களுக்கு அது இல்லை, பதிவுதான் ஸ்கோர். அதனால் ஒலிப்பதிவில் அமுங்கிப்போன உள்வரிகளை, குறிப்பாக வயோலாவை, இருக்கும் என்று ஊகித்து எழுதிவிடாதீர்கள்.

வரிசை: முதலில் ஸி மேஜர் பிரெலூட், பேஸைப் பாடிக்கொண்டே. பிறகு 'பூவே செம்பூவே', அதே முறையில். அடுத்து 140-ம் கான்டாட்டாவின் நான்காம் பகுதியை இரண்டு முறை, ஒருமுறை வயலின் மெட்டோடு முணுமுணுத்து, ஒருமுறை டெனரோடு. உடனே 'பூமாலையே'வை இதே போல இரண்டு முறை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' இதற்கெல்லாம் பிறகு இருக்கட்டும், அதற்கு முன் பார்டிட்டா பிரெலூட்டைத் தனி வயலினில் மட்டும் கேட்டு, அந்த விடாத ஸட்ஜத்தைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.